எம்டன் தரைதட்டிய தீவின் காசு: கோகோஸ் கீலிங் 1977

1977 என்று ஆண்டு பொறித்த ஒரு தங்கக் காசு. மதிப்பு 150 ரூபாய். இந்திய ரூபாய் இல்லை, இலங்கை ரூபாய் இல்லை, மொரீஷியஸ் ரூபாயோ சேஷெல்ஸ் ரூபாயோகூட இல்லை. கோகோஸ் கீலிங் ரூபாய். அப்படி ஒரு ரூபாய் இருந்தது என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். 150 என்ற மதிப்பு தற்செயலாக வந்ததல்ல. ஒரு குடும்பம் அந்தத் தீவுகளில் குடியேறி 150 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட அடித்த காசு அது. அடுத்த ஆண்டே அந்தக் குடும்பத்தின் கையைவிட்டுத் தீவுகள் போய்விட்டன.

தொலைதூரத் தீவுகளின் நினைவு நாணயங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், வெள்ளி எத்தனை கிராம், எத்தனை காசு அடித்தார்கள், இன்றைக்கு என்ன விலை போகும் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நான் இந்த ஒரே ஒரு வெளியீட்டை எடுத்துக்கொண்டு, அது எந்த மண்ணில், யார் பெயரைச் சொல்லி வந்தது, அங்கே உழைத்தவர்களின் கையில் அதுவரை என்ன இருந்தது என்று பொறுமையாகப் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தங்கக் காசைவிட, அதற்கு முன் அங்கே கூலியாகக் கொடுக்கப்பட்ட பிளாஸ்டிக் டோக்கன்தான் பெரிய ஆவணம்.

தீவும் குடும்பமும்

கோகோஸ் கீலிங் தீவுகள் இந்தியப் பெருங்கடலில், சுமத்ரா, ஜாவாவுக்குத் தென்மேற்கே கிடக்கின்றன. 27 பவளத் தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 14 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்வது இரண்டே தீவுகளில், அதுவும் ஏறக்குறைய 600 பேர். 1609இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் வில்லியம் கீலிங் பார்த்ததால் ஒரு பெயர். தென்னை நிறைந்து கிடந்ததால் இன்னொரு பெயர்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. 1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேய வணிகர், போர்னியோ, ஜாவா பக்கத்திலிருந்து மலாய் மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கினார். 1827இல் ஷெட்லாந்துத் தீவுகளைச் சேர்ந்த மாலுமி ஜான் குளூனிஸ் ராஸ் தன் குடும்பத்தோடு வந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளில் ஹேர் வெளியேறிவிட்டார். அவர் கொண்டுவந்த மக்கள் ராஸின் தென்னந்தோப்புகளில் வேலை செய்பவர்களாக அங்கேயே தங்கிப்போனார்கள். 1836இல் பீகிள் கப்பலில் சார்லஸ் டார்வின் வந்தபோது பார்த்ததும் இந்த ஊரைத்தான். பவளத்தீவுகள் எப்படி உருவாகின்றன என்ற அவருடைய விளக்கத்துக்கு இங்கே கண்டவை துணையாக அமைந்தன.

1857இல் பிரிட்டன் தீவுகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. அந்தமானுக்குப் பக்கத்தில் உள்ள கோகோ தீவுகளுக்குப் போகவேண்டிய கப்பல் தலைவர் பெயரைக் குழப்பிக்கொண்டு இங்கே வந்து கொடியேற்றிவிட்டார் என்று ஒரு கதை வெகுநாளாகச் சொல்லப்படுகிறது. 1878இல் தீவுகள் சிலோன் கவர்னரின் பொறுப்பில் வைக்கப்பட்டன. 1886இல் சிங்கப்பூர் பக்கம் மாற்றப்பட்டன. அதே 1886இல்தான் விக்டோரியா அரசியின் பெயரால் அந்த நிலம் முழுவதும் குளூனிஸ் ராஸ் குடும்பத்துக்கு வழிவழியாக எழுதிக் கொடுக்கப்பட்டது. காசு பற்றிய கதைக்கு இந்த ஒரு பத்திரம்தான் சாவி. நிலம், வீடு, படகு, கடை, வேலை எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில். அப்படியிருக்க, பணம் மட்டும் வேறு யார் கையில் இருக்கும்?

எம்டன்

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தத் தீவுகள் உண்மையில் அவ்வளவு அந்நியமல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு பொழிந்துவிட்டுப் போனதே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல், அந்த எம்டன் முடிந்துபோன இடம் இதுதான். உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரில் அதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம்.

சென்னையைத் தாக்கி ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, எம்டன் கோகோஸின் டைரக்‌ஷன் தீவுக்கு வந்தது. அங்கே கடலடித் தந்தி நிலையம் இருந்தது. அதை உடைக்க ஏறக்குறைய ஐம்பது பேர் கரையில் இறங்கினார்கள். அதற்குள் நிலைய ஊழியர்கள் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. கப்பல் மூழ்கிவிடாமல் இருக்க, தலைவர் கார்ல் ஃபான் முல்லர் அதை வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். கரையில் மாட்டிக்கொண்ட வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குளூனிஸ் ராஸ் குடும்பத்தின் பாய்மரக் கப்பல் ஆயிஷாவை எடுத்துக்கொண்டு சுமத்ராவுக்கும், அங்கிருந்து அரபு நாட்டு வழியாகத் துருக்கிக்கும் தப்பிப் போனார்கள்.

இதில் ஒரு நாணயக் கதையும் உண்டு. எம்டன் சீனக் கடற்கரையில் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கப்பல். அந்தப் பக்கத்தில் வாங்கல் விற்கல் எல்லாம் மெக்சிகோ வெள்ளி டாலரில் நடக்கும். சிதைந்த கப்பலிலிருந்து அப்படி 6,429 வெள்ளிக் காசுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் 1,000 காசுகளுக்கு மேலே கிரீடம் பொருத்தி, இரண்டு கப்பல்களின் பெயரையும் தேதியையும் பொறித்துப் பதக்கமாக்கினார்கள். சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்ததுபோக மீதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. கோகோஸோடு தொடர்புடைய நினைவு நாணயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்கோ அடித்த காசு, எதற்கோ கப்பலில் ஏறியது, அந்த நாளையே தன்மேல் தாங்கிக்கொண்டது.

இரண்டாம் உலகப்போரில் தீவுகள் மறுபடி சிலோன் நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1942 மே மாதம் அங்கே காவலுக்கு இருந்த சிலோன் பீரங்கிப் படை வீரர்கள் சிலர் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூன்று பேர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இந்த அளவு போதும்.

டோக்கன்

சரி, காசுக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பம் முதலில் ஆட்டுத்தோல் நோட்டுகளை வெளியிட்டது. மதிப்பு ரூபாயில். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் ரூபாய் ஓடிய காலம் அது; சிலோனும் மொரீஷியஸும் ரூபாயில்தான் கணக்கு வைத்தன. அப்புறம் 1913இல் எண்ணிட்ட தந்த நிற டோக்கன்கள் வந்தன. 1968இல் பிளாஸ்டிக் டோக்கன்கள். 5 சென்ட், 10, 25, 50, அதற்கு மேல் 1, 2, 5 ரூபாய் என்று படிகள்.

இந்த டோக்கன் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் 1977ஆம் ஆண்டுக் காசின் பொருள் விளங்கும். தேங்காய் பறித்து, உரித்து, கொப்பரை காயவைப்பவருக்குக் கூலி டோக்கனாகக் கிடைக்கும். அரிசி, துணி, மண்ணெண்ணெய் வாங்க அவர் போவது அதே குடும்பத்தின் கடைக்கு. டோக்கன் கல்லாவுக்குத் திரும்பிவிடும். அடுத்த வாரம் அதே டோக்கன் மறுபடி கூலியாக வரும். முதலாளிக்கு ரொக்கப் பணமே கையில் இருக்கத் தேவையில்லை. கடையில் சரக்கு இருந்தால் போதும். கூலியை நிர்ணயிப்பவரும் அரிசி விலையை நிர்ணயிப்பவரும் ஒருவரே என்னும்போது, டோக்கனில் எழுதியிருக்கும் எண்ணுக்கு வெளி உலகத்தில் எந்தப் பிடிமானமும் கிடையாது.

இலங்கை மலையகத்தில் கடன் தொகை எழுதிய சீட்டால் தோட்டத் தொழிலாளியைக் கட்டிப்போட்ட துண்டு முறையைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்தத் துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோகோஸில் டோக்கன் 1970கள் வரை ஓடியது.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். குடும்பம் வீடு கொடுத்தது, எல்லோருக்கும் வேலை கொடுத்தது. தனிமையான தீவில் வெளிப்பணம் வந்தால் கப்பலில் வருகிறவர்கள் ஏமாற்றிவிடுவார்கள் என்ற வாதத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நாணயம் என்ற பொருளே கிடைக்காத இடத்தில் சொந்தமாக ஏதோ ஒன்றைப் புழக்கத்தில் விடுவது பல தீவுகளில் நடந்ததுதான். தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்யா தீவுக்காக 1946இல் தயாரித்த ஒரு தபால்தலை வில்லையில் ஒரு பென்னி என்பதோடு நாலு உருளைக்கிழங்கு என்றும் விலை போட்டிருந்தது. அங்கே உருளைக்கிழங்கு உண்மையிலேயே கைமாறும் பொருளாக இருந்தது. ஆனால் உருளைக்கிழங்கை விளைவிப்பவர் அந்த ஊர்க்காரர். வேண்டுமென்றால் சமைத்துச் சாப்பிடலாம். கோகோஸ் டோக்கனை என்ன செய்ய முடியும்?

தீவைவிட்டுப் போக நினைப்பவருக்கு அது செல்லாக்காசு. போருக்குப் பிறகு, 1940களின் கடைசியிலும் 1950களின் தொடக்கத்திலும், பெரும் எண்ணிக்கையில் கோகோஸ் மலாய் மக்கள் சிங்கப்பூர், கிறிஸ்துமஸ் தீவு, வட போர்னியோ என்று குடிபெயர்ந்தார்கள். இன்றைய சபாவில் தவாவ், லகட் டத்து பகுதிகளில் அவர்களின் சந்ததியினர் வாழ்கிறார்கள். ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்திருந்தாலும், அந்த டோக்கனை தவாவில் கொடுத்து ஒரு படி அரிசி வாங்க முடியாது. எனக்கு இந்த டோக்கனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் தோன்றுவது இதுதான். அது சம்பளமாகவும் இருந்தது, ஊரைச் சுற்றிய வேலியாகவும் இருந்தது.

1955இல் தீவுகள் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்டன. வெஸ்ட் தீவில் விமான ஓடுதளம், அரசு ஊழியர்கள், ஆஸ்திரேலியப் பணம். காயலைத் தாண்டினால் ஹோம் தீவில் மலாய் மக்கள், டோக்கன். ஒரே ஆட்சிப்பகுதிக்குள் இரண்டு பண உலகங்கள். 1974இல் ஐ.நா. தூதுக்குழு வந்து பார்த்துவிட்டு, மக்கள் வைக்கப்பட்டிருந்த நிலையைக் கடுமையாகக் குறை சொன்னது. ஆஸ்திரேலியாவுக்கு இனி கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

1977ஆம் ஆண்டுத் தொகுதி

இந்த நெருக்கடியின் நடுவில்தான் நினைவு நாணயங்கள் வந்தன. அப்போது குடும்பத் தலைவர் ஐந்தாம் தலைமுறை, ஜான் சிசில் குளூனிஸ் ராஸ். மக்கள் அவரை துவான் (மலாய் மொழியில் ஐயா) என்று அழைத்தார்கள். வெறுங்காலோடும் இடுப்பில் கத்தியோடும் நடமாடும் மனிதர் என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தொகுதியில் கீழ்ப்படிகள் டோக்கனின் அதே ஏழு மதிப்புகள், 5 சென்ட் முதல் 5 ரூபாய் வரை, இப்போது உலோகத்தில். அவற்றுக்கு மேலே வெள்ளியில் 10 ரூபாயும் 25 ரூபாயும். உச்சியில் தங்கத்தில் 150 ரூபாய். காசில் குடும்பத்து முன்னோர் ஜான் குளூனிஸ் ராஸின் உருவம். தீவின் பெயர், தென்னை.

இந்த அடுக்கை உற்றுப் பார்த்தாலே அதன் நோக்கம் இரண்டாகப் பிரிவது தெரியும். கீழே ஏழும் ஊர்ப்பணத்தின் தோற்றத்தைக் காப்பாற்றுகின்றன: பாருங்கள், எங்களிடமும் ஒரு நாட்டைப்போல் நாணயம் இருக்கிறது. மேலே மூன்றும் வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு. கொப்பரை காயவைக்கும் ஒருவர் 150 ரூபாய்த் தங்கக் காசை வாங்கப்போவதில்லை. அவர் கையில் அது வருவதற்கான வழியும் இல்லை. டோக்கனில் நடந்த வாழ்க்கையை உலோகத்தில் ஊற்றி, மேலே தங்கம் வைத்து வெளியே காட்டிய தொகுதி இது.

அடுத்தது தேதி. 1827 முதல் 1977 வரை 150 ஆண்டு. ஆனால் அந்த மண்ணில் மனிதர்கள் குடியேறிய ஆண்டு 1826. ஹேர் கொண்டுவந்து இறக்கிய மலாய் மக்கள்தான் முதல் குடிகள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் 1977இலும் ஊரில் பெரும்பான்மை. அவர்களின் 150ஆம் ஆண்டு 1976இலேயே வந்து போயிருக்க வேண்டும். எண்ணத் தொடங்கும் ஆண்டை ஒன்று தள்ளிவைத்ததில், ஊரின் பிறந்தநாள் குடும்பத்தின் பிறந்தநாளாகிவிட்டது. நினைவு நாணயத்தில் எனக்கு எப்போதும் முதலில் பார்க்கத் தோன்றுவது இதைத்தான்: எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள்?

தன் உருவத்தைக் காசில் போட்டுக்கொண்ட வேறொரு தீவு முதலாளியின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பால் உள்ள லண்டி தீவை 1925இல் வாங்கிய மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன், 1929இல் பஃபின், அரை பஃபின் என்று வெண்கலக் காசுகளை வெளியிட்டார். ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் பஃபின் பறவை. ஒவ்வொன்றிலும் 50,000 காசு. அரச நாணயச் சாலையைத் தவிர வேறு யாரும் காசு அடிக்கக்கூடாது என்ற 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். மேல்முறையீடும் 1931இல் தோற்றது. (அவருடைய மகன் ஜான் ஹார்மன் 1944இல் கோஹிமாவில் போரிட்டு இறந்து, விக்டோரியா கிராஸ் பெற்றார். அவர் கல்லறை நம் நாகாலாந்தில் இருக்கிறது.) ஹார்மனின் காசு யாரையும் கட்டிப்போடவில்லை, அதைச் சட்டம் ஒன்றிரண்டு ஆண்டில் பிடித்துவிட்டது. கோகோஸ் டோக்கனோ, நிலப்பத்திரத்தின் நிழலில் மூன்று தலைமுறைக்கு மேல் ஓடியது. இந்த ஏற்றத்தாழ்வை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

எல்லாத் தீவு வெளியீடும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. பசிபிக்கில் உள்ள பிட்கன் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். பவுண்டி கப்பலில் கலகம் செய்தவர்களும் தஹித்தி மக்களும் 1790இல் குடியேறிய தீவு. இன்று அங்கே இருப்பவர்கள் ஐம்பது பேர் அளவுதான். கடையில் நியூசிலாந்து டாலர் ஓடுகிறது. 1988இல் பிட்கன் பெயரில் முதல் நாணயங்கள் வந்தன. அவையும் 150ஆம் ஆண்டு நினைவுதான். எதன் 150? 1838இல் அந்த ஊர் எழுதிக்கொண்ட சட்டத்தின் 150. ஆண், பெண் வேறுபாடில்லாமல் வாக்குரிமை கொடுத்த சட்டம் அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியதும் அதுவே. அந்த நாணயங்களையும் ஊரில் யாரும் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கியிருக்கமாட்டார்கள். வெளியே இருக்கும் சேகரிப்பாளரை நம்பித்தான் அடித்தார்கள். ஆனாலும் அது ஊராரின் நாளைச் சொல்கிறது. அதே 150, இரண்டு தீவுகளில் எத்தனை வேறு பொருள்!

காசுக்குப் பிறகு

1978இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து, குடும்ப மாளிகையும் அதன் நிலமும் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கியது. விற்காவிட்டால் கட்டாயமாகக் கையகப்படுத்துவோம் என்ற நெருக்குதல் பின்னால் இருந்தது. கூட்டுறவுச் சங்கம் வந்தது, ஆஸ்திரேலிய டாலர் ஹோம் தீவுக்கும் வந்தது. 1977ஆம் ஆண்டுக் காசுக்குப் புழங்குவதற்கான ஊரே இல்லாமல் போய்விட்டது. அப்புறம் அரசு அந்த மாளிகையையும் எடுக்கப் பார்த்தது. 1984இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. நிலத்தகராறில் குடும்பத்துக்கும் நியாயம் கிடைத்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அவர்களின் கப்பல் தொழில் அதற்குப் பிறகு எழவே இல்லை.

சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 என்று ஆண்டு போட்ட கோகோஸ் காசுகள் சந்தையில் சுற்றுகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கோகோஸின் பணம் ஆஸ்திரேலிய டாலர். அங்கே உள்ளூராட்சி மன்றம் உண்டு, நாணயம் வெளியிடும் அதிகாரம் கிடையாது. அவை தனியார் அடித்து விற்ற கற்பனைக் காசுகள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கோகோஸ் பற்றி ஒரே ஒரு பொருள்தான் உங்கள் ஆல்பத்தில் இருக்க முடியும் என்றால் 1968 டோக்கனைத் தேடுங்கள். விளிம்பு தேய்ந்து, பல கைகள் பட்டு மங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது. பளபளக்கும் 1977 தொகுதி பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போனது. அந்த டோக்கன் கூலிக்கும் அரிசிக்கும் இடையில் ஆயிரம் முறை போய்வந்தது.

1984 ஏப்ரல் 6 அன்று, ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில், கோகோஸ் மக்கள் வாக்களித்தார்கள். தனி நாடா, ஆஸ்திரேலியாவோடு தளர்வான உறவா, முழு இணைப்பா என்பது கேள்வி. 261 வாக்குகள் விழுந்தன. இணைப்புக்கு 229, தளர்வான உறவுக்கு 21, தனி நாட்டுக்கு 9. டோக்கனில் கூலி வாங்கியவர்கள் தங்கள் தீவைப் பற்றித் தாங்களே முடிவெடுத்த நாள் அது. கோகோஸுக்கு ஒரு நினைவு நாணயம் போடத்தான் வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தத் தேதியைத்தான் பொறிக்கச் சொல்வேன். ஏப்ரல் 6 அங்கே இன்றும் பொது விடுமுறை.